பெயரில்லாதவர் அல்லர்: இசே ஊர்ச் சிற்பி ஒலோவே

பெரிய அரும்பொருளகம் ஒன்றுக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஓவியக் கூடத்தில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு சிறிய அட்டை இருக்கும். ஓவியரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, படத்தின் தலைப்பு ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்து ஆப்பிரிக்கக் கூடத்திற்குச் செல்கிறோம். மர முகமூடிகளும் உருவங்களும் கண்ணாடிப் பேழைகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. இங்கும் அட்டைகள் உண்டு. ஆனால், பெரும்பாலானவற்றில் ஓர் இனத்தின் பெயரும் ஒரு நாட்டின் பெயரும் மட்டுமே இருக்கும். செய்தவர் யார் என்ற கேள்விக்கு, அறியப்படாத கலைஞர் என்பதே பதிலாக இருக்கும்.

இந்தப் பெயரற்ற கைகள் உலகக் கலையின் போக்கையே மாற்றியவை. 1907ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் ட்ரோக்கடேரோ அரும்பொருளகத்தில் பாப்லோ பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டார். அந்த ஆண்டே அவர் வரைந்து முடித்த அவிஞ்ஞோன் பெண்கள் என்ற ஓவியத்தில் இரண்டு பெண்களின் முகங்கள் முகமூடிகளைப் போலவே அமைந்தன. பிக்காசோவின் பெயரை அறியாத கல்லூரி மாணவர் இன்று எவரும் இலர். அவரை உலுக்கிய அந்த முகமூடிகளைச் செதுக்கியவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

அந்த முகமூடிக்காரர்களுக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் இருந்தது. ஊர் இருந்தது. ஊரார் புகழ்ந்து பேசும் திறமை இருந்தது. கேட்டு எழுதிவைக்கத்தான் ஆளில்லை. அப்படிப்பட்ட கலைஞர்களுள் ஒருவருடைய பெயர் மட்டும் மறதியிலிருந்து மீண்டு வந்தது. அவர்தான் நைஜீரியாவின் யோருபா இனத்தைச் சேர்ந்த மரச்சிற்பி, இசே ஊர் ஒலோவே. அவருடைய வாழ்க்கையையும், அவருடைய பெயர் மீண்ட கதையையும் சற்று விரிவாகக் காண்போம்.

போர்க்காலத்தில் பிறந்தவர்

ஒலோவே ஏறத்தாழ 1875ஆம் ஆண்டில் எஃபோன்-அலாயே என்ற ஊரில் பிறந்தார். இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில், எக்கிட்டி மாநிலத்தில் அந்த ஊர் உள்ளது. குன்றுகளும் காடுகளும் நிறைந்த பகுதி அது. யோருபா மக்களிடையே மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர்களுள் எஃபோன்-அலாயேயும் ஒன்று.

அவர் பிறந்த காலம் அமைதியானதன்று. 1877ஆம் ஆண்டில் எக்கிட்டி ஊர்கள் ஒன்றுகூடி இபாதான் நகரத்தின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போர் தொடுத்தன. கிரிஜி போர் என்று வழங்கப்படும் அது 1893 வரை நீடித்தது. லாகோஸ் துறைமுகத்தை 1861ஆம் ஆண்டிலேயே தன்வசப்படுத்தியிருந்த பிரிட்டன், இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கும் நடுவராக உள்நாட்டுக்குள் நுழைந்தது. நடுவராக வந்தவர்கள் நாளடைவில் ஆட்சியாளர்களாக அமர்ந்தார்கள். மலாயாவின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. பிற்காலத்தில் ஒலோவே செதுக்கிய கதவுகளில் இந்த மாற்றத்தின் சாட்சியமும் இடம்பெற்றது.

ஒலோவே சிறு வயதிலேயே எஃபோன்-அலாயேயை விட்டு இசே என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். இசே தனி அரசு. அதன் அரசருக்கு அரிஞ்சாலே என்பது பட்டப்பெயர். வளர்ந்து இளைஞரான ஒலோவே அரிஞ்சாலேயின் அரண்மனையில் தூதராகப் பணியில் சேர்ந்தார். அரசரின் செய்திகளைச் சுமந்து செல்வதும் அரசர் இட்ட வேலைகளைச் செய்து முடிப்பதும் அவரது கடமைகள். அரசவை எப்படி இயங்குகிறது, அரசர் எப்படி அமர்கிறார், அரசியர் எங்கே நிற்கின்றனர், விருந்தினர் எப்படி வரவேற்கப்படுகின்றனர் என்பவற்றையெல்லாம் மிக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அந்தப் பணியில் கிடைத்தது. அவருடைய சிற்பங்களில் அரசவைக் காட்சிகள் அத்தனை உயிரோட்டத்துடன் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அரண்மனைப் பணியில் இருக்கும்போதே ஒலோவேயின் கைத்திறன் வெளிப்பட்டது. அரிஞ்சாலேக்காகத் தூண்களும் கதவுகளும் செதுக்கினார். அவற்றைப் பார்த்த மற்ற ஊர் அரசர்களும் அவரை அழைக்கத் தொடங்கினர். இக்கேரே, இலேஷா, ஒவோ எனப் பல அரண்மனைகளில் அவருடைய வாய்ச்சியின் ஒலி கேட்டது. தூதர் அரசர்களின் சிற்பியானார்.

வாய்ச்சியும் கத்தியும்

ஒலோவேயின் தனித்தன்மையைப் புரிந்துகொள்ள, யோருபா மரச்சிற்பிகள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

அவர்களுடைய முதன்மையான கருவி வாய்ச்சி. கோடரியில் இரும்பு அலகு பிடிக்கு நேராக இருக்கும். வாய்ச்சியில் அது குறுக்காக இருக்கும். தச்சர்கள் மரத்தைச் செதுக்கிச் சமன்படுத்தப் பயன்படுத்தும் அதே கருவிதான். அதனுடன் உளியும் கத்தியும் சேரும். யோருபா நம்பிக்கையில் இரும்பின் தெய்வம் ஒகுன். இரும்புக் கருவியால் பிழைக்கும் கொல்லர், வேடர், சிற்பி அனைவருக்கும் ஒகுனே காவல்.

ஓர் உருவம் நான்கு கட்டங்களில் வெளிப்படும். முதலில் மரத்துண்டில் தலை, உடல், கால் என்ற பெரிய பகுதிகளை வாய்ச்சியால் வெட்டிப் பிரிப்பார்கள். அடுத்து, அந்தப் பெரிய பகுதிகளைக் கண், காது, கை, விரல் எனச் சிறிய வடிவங்களாகப் பிரிப்பார்கள். மூன்றாவதாக, மேற்பரப்பை வழவழப்பாக்குவார்கள். இறுதியாக, கத்தி முனையால் கூந்தல் பின்னல், முகத்தழும்பு, ஆடைக்கோலம் போன்ற நுணுக்கங்களைக் கீறுவார்கள். முதல் கட்டத்தில் பிசகினால் பின்னர் எந்த நுணுக்கமும் உருவத்தைக் காப்பாற்றாது. துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் வழக்கம் இல்லை. ஓர் உருவம் என்பது ஒரே மரம். தவறாக வெட்டியதை மீண்டும் வைக்க முடியாது.

எக்கிட்டிப் பகுதி எப்பா என்ற முகமூடி விழாவுக்குப் புகழ்பெற்றது. எப்பா முகமூடி முகத்தை மட்டும் மறைப்பதன்று. கீழே பானை வடிவில் தலையை முழுவதும் மூடும் பகுதி. அதன் மேலே குதிரை வீரரோ, குழந்தைகளுடன் தாயோ, அரசரோ வீற்றிருக்கும் பெரிய சிற்பம். அத்தனையும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டது. இளைஞர்கள் அந்தப் பெருஞ்சுமையைத் தலையில் தாங்கி ஆடுவர். மண்மேட்டின் மீது தாவி ஏறியும் காட்டுவர். ஒரே மரத்துக்குள் ஓர் ஊர்வலத்தையே காணும் இந்தக் கண்பயிற்சி எக்கிட்டிச் சிற்பிகளுக்கு மரபாகவே வாய்த்திருந்தது. ஒலோவேயின் அரண்மனைத் தூண்களைப் பார்க்கும்போது அந்த மரபின் உறவு தெரிகிறது.

யோருபா உருவங்களில் தலை, உடலின் அளவோடு ஒப்பிடும்போது பெரிதாக இருக்கும். இது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. மனிதரின் விதியும் ஆளுமையும் தலையில் குடியிருப்பதாக அவர்கள் நம்பினர். அதனால் தலைக்கு உரிய இடத்தைத் தந்தனர். முதியவரைச் செதுக்கினாலும் இளமையின் முழுப் பொலிவோடு செதுக்குவர். உருவம் ஒருவரை நினைவூட்ட வேண்டும். அவரை அப்படியே பிரதியெடுக்கக் கூடாது. இவை மரபின் விதிகள். ஒலோவே இந்த விதிகளை மீறவில்லை. விதிகளுக்குள் நின்றபடியே, மற்றவர் எவரும் போகாத தூரத்திற்குச் சென்றார்.

இக்கேரே அரண்மனையில்

இசேக்கு அருகில் உள்ள இக்கேரே என்ற ஊரின் அரசருக்கு ஒகோகா என்று பட்டம். 1910 முதல் 1914 வரையிலான காலத்தில் ஒலோவே ஒகோகாவின் அரண்மனைக்காகத் தூண்களையும் கதவுகளையும் செதுக்கினார்.

அந்தத் தூண்களுள் ஒன்று இன்று அமெரிக்காவின் சிகாகோ கலைக்கழகத்தில் உள்ளது. ஐந்து அடி உயரமுள்ள அந்தத் தூணில் ஒகோகா அரியணையில் அமர்ந்திருக்கிறார். கூம்பு வடிவ மணிமுடியின் உச்சியில் ஒரு பறவை. அவருக்குப் பின்னால் மூத்த அரசி நிற்கிறார். அவருடைய கைகள் அரியணையின் முதுகில் பதிந்திருக்கின்றன. அரசரின் காலடியில் சிறிய உருவங்கள் சில.

இதில் வியப்புக்குரியது எது? அரசரைவிட அரசி பெரியவராகச் செதுக்கப்பட்டிருக்கிறார். தூணின் பாரத்தைத் தாங்குபவரும் அவரே. யோருபா மரபில் முடிசூட்டு விழாவின்போது அரசரின் தலையில் மணிமுடியை வைக்கும் பொறுப்பு மூத்த அரசிக்கு உரியது. முடியின் மேலுள்ள பறவை, பெண்களின் மறைவான ஆற்றலைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. அரசர் ஆள்கிறார், ஆனால், அந்த ஆட்சி நிற்பது பெண்ணின் ஆற்றலால். நீண்ட விளக்கமாகச் சொல்ல வேண்டிய இந்த அரசியல் உண்மையை ஒலோவே இரண்டு உருவங்களின் உயர வேறுபாட்டிலேயே சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூண் என்றால் கனமாக, திரட்சியாக இருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஒலோவேயின் தூணில் உருவங்களுக்கு இடையே காற்று புகுந்து வெளியேறும். அரசியின் கைக்கும் உடலுக்கும் இடையே, அரசருக்கும் அரசிக்கும் இடையே மரம் துணிவாக அகற்றப்பட்டிருக்கிறது. எதை நீக்குவது என்று அறிவதே சிற்பியின் கலை. அந்தக் கலையில் அவருக்கு நிகரானவர் அரிது. உருவங்களின் கழுத்தும் உடலும் நீண்டு ஒடுங்கியிருக்க, மேற்பரப்பில் நுண்ணிய கோலங்கள் நிறைந்திருக்கும். அதன் மீது வண்ணமும் தீட்டுவார். இன்று வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது.

பேசும் கதவு

தூண்களைவிடப் புகழ்பெற்றது இக்கேரே அரண்மனையின் இரட்டைக் கதவு. அதற்கு மேலே ஒரு நிலைச்சட்டமும் உண்டு.

யோருபா கதவுகள் பொதுவாகக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உருவங்கள் பலகையிலிருந்து சிறிதளவு மட்டுமே எழும்பி, ஒரே சீரான மட்டத்தில் நிற்கும். ஒலோவேயின் கதவு அப்படியன்று. அவருடைய உருவங்கள் பலகையை விட்டுப் பிரிந்து வெளியே வரத் துடிக்கின்றன. கால்கள் பலகையோடு ஒட்டியிருக்கும். மேலே செல்லச் செல்ல உடல் முன்னோக்கிச் சாயும். தலையை அடையும்போது அது ஏறத்தாழ முழுச் சிற்பமாகவே பிரிந்து நிற்கும். பக்கவாட்டில் நடந்து செல்லும் மனிதர்கள் திடீரென்று தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார்கள். பின்னணிப் பலகையும் வெறுமையாக இராது. அதிலும் கோலங்கள் நிறைந்திருக்கும்.

இந்தக் கதவு சொல்வது, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இக்கேரேக்கு வந்த கதை. ஒரு பக்கக் கதவில் ஒகோகா முடிதரித்து அரியணையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். பின்னால் அரசி நிற்கிறார். மறுபக்கக் கதவில், ஆட்கள் சுமந்துவரும் தொங்கு பல்லக்கில் வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். மேலும் கீழும் உள்ள கட்டங்களில் அரசியரும், பரிவாரங்களும், சுமை தூக்குவோரும் அணிவகுக்கின்றனர்.

இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சிற்பியின் மனம் புரியும். துப்பாக்கியும் பேரரசும் யாரிடம் இருந்தன என்பதை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. இருந்தும் கதவில் அரசர் அசையாத பெருமிதத்துடன் வீற்றிருக்கிறார். அதிகாரியோ பல்லக்கின் குறுகலான இடத்தில் முடங்கிக் கிடக்கிறார். வந்தவர் விருந்தினர், இருப்பவர் அரசர். ஒலோவே எதிர்ப்புக் குரல் எழுப்பவில்லை, எவரையும் ஏளனமும் செய்யவில்லை. யாரை எங்கே, எப்படி உட்கார வைப்பது என்பதை மட்டும் தம் வாய்ச்சியால் முடிவு செய்தார். அரண்மனைத் தூதராக இருந்தவருக்கு அது தெரியாதா என்ன?

வெம்பிளி, 1924

1924ஆம் ஆண்டு லண்டனின் வெம்பிளிப் பகுதியில் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி தொடங்கியது. பேரரசின் ஒவ்வொரு பகுதியும் தன் பொருள்களைக் காட்சிக்கு வைத்தது. மலாயாவுக்கும் அங்கே தனிக்கூடம் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோர் அந்தக் கண்காட்சியைப் பார்த்தனர். நைஜீரியப் பகுதியில் வைப்பதற்காக இக்கேரே அரண்மனைக் கதவு லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது.

கதவைக் கண்ட பிரிட்டிஷ் அரும்பொருளகத்தினர் அதைத் தமதாக்கிக்கொள்ள விரும்பினர். ஒகோகாவோ கதவைப் பணத்திற்கு விற்க ஒப்பவில்லை. தமக்கு ஏற்ற வகையில் பிரிட்டனில் செய்யப்பட்ட ஓர் அரியணையைத் தந்தால் மாற்றாகக் கொடுக்கலாம் என்றார். அப்படியே அரியணை இக்கேரேக்குப் போனது. கதவு லண்டனிலேயே தங்கிவிட்டது. வெறுமையான வாசலுக்கு ஒலோவே வேறொரு கதவைச் செதுக்கிக் கொடுத்தார்.

இந்தப் பரிமாற்றத்தை என்னவென்று சொல்வது? அரசர் ஏமாற்றப்பட்டார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அவர் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றார். தம்மிடமிருந்த சிற்பி மீண்டும் ஒரு கதவைச் செய்து தருவார் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்திருக்கும். ஆயினும், ஓர் உண்மை உறுத்துகிறது. அரசருக்கு அரியணை கிடைத்தது. அரும்பொருளகத்திற்குக் கதவு கிடைத்தது. கதவைச் செய்தவருக்குத் தம் பெயர் பொறித்த ஓர் அட்டைகூடக் கிடைக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் அந்தக் கதவைப் பார்த்த நாள்களில், அதைச் செதுக்கிய ஒலோவே இசேயில் உயிருடன் இருந்தார். நடுத்தர வயதில், தொழிலின் உச்சத்தில், அடுத்த வேலைக்கான மரத்தில் வாய்ச்சியை ஓங்கிக்கொண்டிருந்தார். கடிதம் ஒன்று எழுதிக் கேட்டிருந்தால் போதும். பெயர் தெரிந்திருக்கும்.

உருளும் தலை

அதே காலக்கட்டத்தில், ஏறத்தாழ 1925ஆம் ஆண்டில், ஒலோவே செய்ததாகக் கருதப்படும் மூடிக் கிண்ணம் ஒன்று இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய ஆப்பிரிக்கக் கலை அரும்பொருளகத்தில் உள்ளது.

மண்டியிட்ட பெண் ஒருவர் பெரிய கிண்ணத்தை ஏந்தியிருக்கிறார். மூடியின் மேல் பெண்கள் நால்வர் வட்டமாக நின்று நடனமாடுகின்றனர். கிண்ணத்தின் அடியில் ஆண்களும் பெண்களுமாகச் சிறிய உருவங்கள் மண்டியிட்டு, கைகளை உயர்த்தித் தாங்குகின்றன. அந்தச் சிறிய உருவங்கள் சூழ்ந்த கூண்டுக்குள் தாடி வைத்த ஒரு மனிதத் தலை கிடக்கிறது. அந்தத் தலை எதனோடும் ஒட்டியிருக்கவில்லை, உள்ளே உருளும். ஆனால், வெளியே எடுக்க முடியாது. சுற்றிலும் நிற்கும் உருவங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி அந்தத் தலையைவிடச் சிறியது.

அப்படியானால் தலை எப்படி உள்ளே போனது? அது உள்ளே போகவே இல்லை. தொடக்கத்திலிருந்தே அங்குதான் இருந்தது. ஒரே மரத்தில், வெளியே நிற்கும் உருவங்களைச் செதுக்கி, அவற்றின் இடுக்கு வழியே கருவியை நுழைத்து, உள்ளேயுள்ள மரத்தைத் தலையாகச் செதுக்கி, இறுதியில் அதைத் தனியே பிரித்திருக்கிறார். கை நுழையாத இடத்தில் கத்தி முனையை மட்டும் நம்பிச் செய்த வேலை இது. ஒரு வெட்டு தவறியிருந்தால் மாதக்கணக்கான உழைப்பு விறகாகியிருக்கும்.

இதை ஏன் செய்ய வேண்டும்? கிண்ணத்தின் பயனுக்கு இது தேவையில்லை. கேட்டவரும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தம்மால் முடியும் என்பதால் செய்தார். மற்றவரால் முடியாது என்பதைத் தெரிந்தே செய்தார். கையொப்பம் இடும் வழக்கமில்லாத ஒரு மரபில், அந்த உருளும் தலையே அவருடைய கையொப்பம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்திலும் ஒலோவேயின் தூண் ஒன்று உள்ளது. குதிரை மீது வீரர் வீற்றிருக்க, குதிரையையும் வீரரையும் கீழிருந்து ஒரு பெண் தாங்குகிறார். குதிரை சிறியது, வீரர் பெரியவர். குதிரை வீரர் உருவத்தைப் பல யோருபா சிற்பிகள் செதுக்கியிருக்கின்றனர். ஆனால், நீண்ட உடலும், உருவங்களுக்கு இடையிலான வெளியும், மேற்பரப்பின் கோலங்களும் இது யாருடைய கை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறைவும் மறதியும்

ஒலோவே 1938ஆம் ஆண்டளவில் மறைந்தார். லண்டனில் அவருடைய கதவு காட்சிக்கு வைக்கப்பட்டு அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய பெயர் வெளியுலகின் எழுத்தில் பதிவாகத் தொடங்கியது 1940களில்தான். நைஜீரியாவில் பணியாற்றிய ஃபிலிப் அலிசன் இசேயில் விசாரித்து இந்தச் சிற்பியைப் பற்றி எழுதினார். பின்னர், பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் வில்லியம் ஃபாக், ஆப்பிரிக்கச் சிற்பங்களை இனவாரியாக மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் தனியொரு கலைஞரின் கையைத் தேட வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்தத் தேடலில் ஒலோவேயின் பாணி மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அட்டையில் பெயரில்லாமல் வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடந்த தூண்களும் கிண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கைக்கு உரியவை என்று அடையாளம் காணப்பட்டன.

யோருபா மக்கள் தம் கலைஞர்களின் பெயரைப் பொருட்படுத்துவதில்லை என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு அறிஞர் பலர் நம்பினர். நைஜீரிய அறிஞர் ரோலண்ட் அபியோடுன் போன்றோர் அந்த எண்ணத்தைத் திருத்தினர். யோருபா பண்பாட்டில் பெயர் என்பது ஆற்றல் உடையது. முன்பின் தெரியாதவரிடம் அதை எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். சொல்லாததற்கும் தெரியாததற்கும் வேறுபாடு உண்டு. கேட்டவர்களுக்கு அந்த வேறுபாடு புரியவில்லை. பெயர் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதும் தெரியவில்லை.

மனைவி காத்த பெயர்

யோருபா மக்களிடம் ஒரிக்கி என்ற பாட்டு வடிவம் உண்டு. ஒருவருடைய பெயர், குலம், ஊர், தொழில், சாதனை ஆகியவற்றைப் போற்றிச் சொல்லும் புகழ்ப்பாட்டு அது. பிறந்த குழந்தைக்கும் ஒரிக்கி உண்டு, அரசருக்கும் உண்டு. குடும்பத்துப் பெண்களே பெரும்பாலும் இதைக் காத்துப் பாடுவர்.

ஒலோவேக்கும் ஒரிக்கி இருந்தது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஜான் பெம்பர்ட்டன் இசேக்குச் சென்றபோது, ஒலோவேயின் மனைவியருள் ஒருவரான ஒலோஜூ-இஃபுன் உயிருடன் இருந்தார். கணவர் மறைந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூதாட்டி ஒலோவேயின் ஒரிக்கியைப் பாடினார். ஒலோவேயின் தோற்றப் பொலிவு, கடினமான மரத்தையும் வசப்படுத்திய கைத்திறன், அவர் வேலை செய்த ஊர்கள் அனைத்தும் அந்தப் பாட்டில் இருந்தன. கலை வரலாற்று ஆய்வாளர்கள் தூண்களின் பாணியை அளந்து, ஒப்பிட்டு, ஊகித்துக் கண்டுபிடித்த சில செய்திகளை அந்தப் பெண்மணி அரை நூற்றாண்டாகத் தம் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தார்.

சற்றே எண்ணிப் பார்ப்போம். உலகின் பெரிய அரும்பொருளகங்களில் பதிவேடுகள் இருந்தன, எழுத்தர்கள் இருந்தனர், தாளும் மையும் இருந்தன. அங்கெல்லாம் இல்லாத பெயர், எக்கிட்டியின் ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் குரலில் இருந்தது. எழுத்தில் இல்லாதது வரலாற்றில் இல்லை என்று நாம் படித்தவர்கள் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஒலோவேயின் கதை அந்த முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

தூதருக்குக் கிடைத்த தனிக்கூடம்

1998ஆம் ஆண்டில், வாஷிங்டனின் தேசிய ஆப்பிரிக்கக் கலை அரும்பொருளகம் ஒலோவேயின் படைப்புகளை மட்டும் கொண்ட கண்காட்சியை நடத்தியது. ரோஸ்லின் வாக்கர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்து, வெவ்வேறு நாடுகளில் இருந்த சிற்பங்களைத் தேடி, அவருடைய வாழ்க்கையையும் படைப்புகளையும் நூலாகத் தொகுத்தார். ஐரோப்பிய ஓவியர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் தனிநபர் கண்காட்சி என்ற சிறப்பு, மரபுவழி வந்த ஓர் ஆப்பிரிக்கச் சிற்பிக்குக் கிடைப்பது மிக அரிதான நிகழ்வு. சிற்பி மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அது நடந்தது.

இன்று லண்டன், வாஷிங்டன், நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்களில் அவருடைய படைப்புகளின் அருகிலுள்ள அட்டைகளில் இசே ஊர் ஒலோவே என்று எழுதப்பட்டிருக்கிறது. பெயரோடு ஊரும் சேர்ந்தே நிற்கிறது. தூண் தாங்கிய கூரை இப்போது அதன் மேல் இல்லை. கதவு திறந்துவிட்ட அரண்மனை வெகு தொலைவில் இருக்கிறது. பெயர் மட்டுமாவது தன் பொருளோடு வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால், ஒலோவேயின் அட்டைக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ அட்டைகள் வெறுமையாகவே இருக்கின்றன. பெயர் சொல்லி எவரும் பாடாத, அல்லது பாடியும் எவரும் சென்று கேட்காத கைகள் அவை. எப்பா முகமூடியைச் செதுக்கி ஊராரை வியக்கவைத்த சிற்பிகளுள் எத்தனை பேரின் ஒரிக்கி, அதைப் பாடத் தெரிந்த கடைசி மூதாட்டியோடு மறைந்துபோனது என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

இந்த மலரில் ஒவ்வொரு படைப்பின் கீழும் எழுதியவரின் பெயர் அச்சாகிறது. அது நமக்கு இயல்பான உரிமையாகத் தோன்றுகிறது. அந்த உரிமை கிடைக்காத ஒருவர், தமது கையெழுத்தைத் தாளில் இடாமல், மரத்தின் உள்ளே உருளும் தலையாகச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வர அரை நூற்றாண்டுக்கு மேலானது. அடுத்த முறை அரும்பொருளகத்தில் பெயரில்லாத ஓர் அட்டையின் முன் நிற்க நேர்ந்தால், அறியப்படாத கலைஞர் என்று படித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். யாரால் அறியப்படாதவர் என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போம். அவரைப் பெயர் சொல்லி அழைத்த ஓர் ஊர் எங்கேயோ இருந்திருக்கும்.